ருமாநங்: கொம்பனித்தெருவின் மலாய்

கொழும்பு கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்த மலாய்ப் பிள்ளை நான். படிப்பது தமிழ் மொழிமூலம். "உங்கட மலாய் மலேசியாவில பேசுறதுதானே?" என்று தோழியர் கேட்பதுண்டு. சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை வசனமாக அடுக்கும் முறைதான் வேறு.

மலேசியர் 'வீட்டுக்கு' என்பதைக் 'கெ ருமாஹ்' என்பர். 'கெ' என்பது நமது 'க்கு'. அது வீட்டுக்கு முன்னால் நிற்கும். நாங்களோ 'ருமாநங்' என்போம். வீடு முதலில், வேற்றுமை உருபு அதன் வாலில். பசியெடுத்தால் அவர்கள் 'சாயா லாபார்' என்பர்; அதாவது 'நான் பசி'. எங்கள் வீட்டில் 'செடங் லாபர்', 'எனக்குப் பசி'. நாலாம் வேற்றுமையைத் தமிழ் வகுப்பில் படித்தபோது எனக்கு அது புதிதாகவே இருக்கவில்லை. (சிங்களத்திலும் இதே அமைப்பு உண்டு. பெருமை முழுவதையும் தமிழுக்கே கொடுத்துவிட முடியாது.)

ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலான தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்கள் எங்கள் முன்னோர். பின்பு ஆங்கிலேயரின் படையிலும் இருந்தார்கள். அந்தப் படை 1873இல் கலைக்கப்பட்டது. சோனகப் பெண்களை மணந்ததால் மொழி மாறியது என்று சில ஆய்வாளர் சொல்வர். பல தலைமுறை அயலில் வாழ்ந்ததே போதும் என்பர் வேறு சிலர். எப்படியோ, கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது. நீங்கள் உண்ணும் தொதலும் சம்பலும், வாப்பாமார் உடுக்கும் சாரமும் மலாய் தந்த சொற்களே.

கொழும்பிலிருந்து 1869இலேயே 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வெளிவந்தது. இன்று மூத்தோர் மலாயில் கேட்க, பிள்ளைகள் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மலாயர் நாடு முழுவதிலும் 40,000 பேருக்குச் சற்று மேல்தான். ஜாவா லேன் பக்கத்துப் பழைய வீடுகள் போய் மாடிகள் எழும்ப, திண்ணைக்குத் திண்ணை நடந்த பேச்சும் குறைந்துவிட்டது.

இன்னொன்றும் நடக்கிறது. எங்களுடையது 'உடைந்த மலாய்', பிள்ளைகள் மலேசிய மலாயைத்தான் படிக்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் 'ருமாநங்' பிழையல்ல. அதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. அதை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் உம்மும்மாவின் சமையலறைச் சொற்கள்.