பள்ளியில் ஈட்டும் கல்லூரிக் கிரெடிட்

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெறச் சுமார் 120 கிரெடிட்டுகள் தேவை. அவற்றுள் ஒரு பகுதியை உயர்நிலைப் பள்ளியிலேயே ஈட்டிக்கொள்ள வழிகள் உண்டு. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இவற்றின் வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். கட்டணச் சுமை பெரிதும் குறையக்கூடும். கவனம் தவறின் உழைப்பு வீணாகவும் கூடும்.

ஒன்று, 1950களில் தோன்றிய 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' தேர்வு. இதில் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படும். மற்றொன்று, 'டியூயல் என்ரோல்மென்ட்' எனும் இரட்டைச் சேர்க்கை. பள்ளி மாணவரே கல்லூரிப் பாடத்தையும் பயிலும் இம்முறைக்கு மின்னசோட்டா மாநிலம் 1985இல் வழிவகுத்தது. இதில் பெறும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்துவிடும். பதினாறு வயதில் பெற்ற குறைந்த மதிப்பெண், பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் உடன் வரும்.

கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் சேரவிருக்கும் கல்லூரியைப் பொறுத்தது. புளோரிடாவின் அரசுக் கல்லூரிகளில் 3 மதிப்பெண்ணே போதும். டார்ட்மத் கல்லூரியோ 2014இல் சேர்ந்தோர் முதல் இத்தேர்வுக்குக் கிரெடிட் வழங்குவதை நிறுத்திற்று. சில கல்லூரிகள் கிரெடிட்டை ஏற்றாலும் விருப்பப் பாடமாகவே கணக்கிடும். முதன்மைப் பாடத்தில் ஒரு வகுப்பும் குறையாது.

ஆகவே, "ஏற்பீர்களா?" என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. "எந்தப் பாடத்திற்கு ஈடாக ஏற்பீர்கள்?" என்று வினவி, எழுத்தில் விடை பெற்ற பின்னரே பாடத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.