மலை ஏறாத ஸ்கூட்டர்

கியர் இல்லாத ஸ்கூட்டர் புனேவாசிகளான நமக்குப் புதிதல்ல. கைனடிக் ஹோண்டா வந்தபோதே பழகிவிட்டோம். மாற்றுவதற்குக் கியர் கிடையாது. இரண்டு புல்லிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

சென்ற மாதம் சிம்மகட் ஏறும்போது என் வண்டியின் இன்ஜின் அலறியது; வேகமோ வரவில்லை. ரப்பர் கருகும் வாடை. பின்னால் இருந்த என் மனைவி, "நான் இறங்கி நடந்தே வருகிறேன்" என்றாள். மெக்கானிக், "இன்ஜினையே பிரிக்கணும்" என்றார். முதலில் பெல்ட் மூடியைக் கழற்றச் சொன்னேன். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. சீல் வழியே ஆயில் கசிந்து அதன்மேல் படிந்திருந்தது. ரயில் பெட்டிக்கடியில் ஆல்டர்னேட்டர் பெல்ட்டுகளோடு மல்லாடிய எனக்கு இது பழகிய நோய். எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடேறிக் கருகும்.

தேய்ந்து அகலம் குறைந்த பெல்ட், முன் புல்லியின் விளிம்புவரை ஏறாது. வெர்னியரில் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். நீளம் சரியாக இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். அகலமும் பக்கச் சரிவும் பொருந்த வேண்டும்.

ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். லேசான ரோலர் போட்டால் மலை நன்றாக ஏறும் என்கிறான் பேரன். உண்மைதான். ஆனால் இன்ஜின் எப்போதும் கூடுதல் சுற்றில் ஓடும், பெட்ரோலும் குடிக்கும். மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிக்குக் கம்பெனி எடையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

சீல், பெல்ட், ரோலர் மூன்றையும் மாற்றினோம். இன்ஜினைப் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் இறங்காமலே கோட்டை வாசல்வரை போனோம்.