நினைவின் மூலக்கூறுகள்: எரிக் காண்டெலும் மனநல மருத்துவமும்

மனநல மருத்துவம் நோயாளியின் பேச்சையும் நடத்தையையும் கொண்டு நோயை உணரும் துறையாகவும், மூலக்கூறு உயிரியல் செல்லுக்குள் நிகழும் வேதிவினைகளை ஆராயும் துறையாகவும் தனித்தனியே வளர்ந்தவை. இவ்விரண்டையும் ஒரே வாழ்நாளில் இணைக்க முயன்றவர்களுள் முதன்மையானவர், நினைவின் உயிரியல் அடிப்படையைக் கண்டறிந்ததற்காக அர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்ட் ஆகியோருடன் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் காண்டெல்.

1929இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த காண்டெல், ஆஸ்திரியா நாஜிகளின் பிடிக்குள் சென்றபின் 1939இல் அமெரிக்காவில் தஞ்சமடைந்தார். ஹார்வர்டில் அவர் படித்தது வரலாறும் இலக்கியமுமே. மனித மனம் இயங்கும் விதத்தை அறியும் ஆர்வத்தில் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வின்பால் ஈர்க்கப்பட்டு, அத்தொழிலை மேற்கொள்ளும் நோக்கத்துடனேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஃப்ராய்ட் கூறிய அகத்தின் கூறுகள் மூளையில் எங்கே உறைகின்றன என அறிய விரும்பி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் ஹாரி கிரண்ட்ஃபெஸ்ட்டை அவர் அணுகியபோது, மூளையை ஒவ்வொரு செல்லாக ஆராய்வதே வழி என்ற அறிவுரை கிடைத்தது. அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் அந்த அறிவுரையின் விரிவாக்கம் என்றே சொல்லலாம்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 1957 முதல் ஆல்டன் ஸ்பென்சருடன் சேர்ந்து, புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் நரம்புசெல்களில் மின்குறிகளைப் பதிவுசெய்தார். அவை தண்டுவடச் செல்களின் குறிகளிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. எனவே நினைவின் இரகசியம் செல்லின் தன்மையில் அன்றி, செல்கள் ஒன்றோடொன்று இணையும் விதத்தில் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த இணைப்புகளைத் தனித்தனியே தொடர்ந்தறிய எளிய விலங்கொன்று தேவைப்பட்டது. மனநல மருத்துவப் பயிற்சிக்கு இடையில் 1962இல் பாரிசுக்குச் சென்று, லாடிஸ்லாவ் டாக் என்பவரின் ஆய்வகத்தில் அப்லீசியா எனப்படும் கடல் முயலை, அதாவது ஒருவகைக் கடல் நத்தையை, கையிலெடுத்தார். மனநோய் மருத்துவர் ஒருவர் நத்தையை ஆராய்வதைச் சக அறிஞர் பலர் வீண்வேலையாகக் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அதன் நரம்புமண்டலத்தில் ஏறத்தாழ 20,000 செல்களே உள்ளன, அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை.

நத்தையின் நீர்க்குழலை இலேசாகத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தபின் தொட்டால், சில நிமிடங்களுக்கு முன்னிலும் வலுவாக உள்ளிழுக்கும். அதிர்ச்சியை இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தாலோ அந்த எச்சரிக்கை நாள்கணக்கில் நீடிக்கும். குறுகியகால நினைவுக்கும் நீண்டகால நினைவுக்கும் உள்ள வேறுபாடே இது. அதிர்ச்சியின்போது வெளிப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள், உணர்வு நரம்புசெல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறை மிகுவிக்கிறது. அதனால் தூண்டப்படும் புரத கைனேஸ் ஏ என்ற நொதி, அடுத்த செல்லுக்குச் செல்லும் குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தியின் அளவைக் கூட்டுகிறது. இந்தக் குறுகியகால மாற்றத்துக்குப் புதிய புரதம் எதுவும் வேண்டுவதில்லை. தூண்டல் மீண்டும் மீண்டும் வரும்போதுதான் அந்நொதி செல்லின் உட்கருவுக்குள் சென்று, கிரெப் என்ற புரதத்தின் வாயிலாக மரபணுக்களை இயங்கச் செய்கிறது. புதிய புரதங்கள் உண்டாகி, புதிய நரம்பிணைப்புகள் முளைக்கின்றன. ஓர் உணர்வு செல்லில் ஏறத்தாழ 1,300 ஆக இருந்த இணைப்பு முனைகள் நீண்டகாலப் பயிற்சிக்குப்பின் இருமடங்குக்கும் மேலாகப் பெருகியதை, அவருடைய சகாக்களான கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும் எண்ணிக் காட்டினர்.

மனநல மருத்துவத்துக்கு இதிலிருந்து பெறப்படும் செய்தி பெரிது. மரபணுக்கள் பிறவியிலேயே விதியை எழுதி முடித்துவிடுவதில்லை. அனுபவமும் அவற்றின் இயக்கத்தை மாற்றுகிறது. அமெரிக்க மனநல மருத்துவ இதழில் 1998இல் வெளியான கட்டுரையில், பேச்சுவழிச் சிகிச்சை பலனளிக்கிறதென்றால் அதுவும் மரபணு இயக்கத்தையும் நரம்பிணைப்புகளையும் மாற்றியே பலனளிக்கிறது என்று காண்டெல் வாதிட்டார். நத்தையிலிருந்து மனிதனுக்கு இது நீண்ட தாவல்தான்; ஆயினும் வெறும் ஊகமன்று. எண்ணச் சுழற்சி நோயாளிகளிடம், மருந்தாலும் நடத்தைச் சிகிச்சையாலும் குணமடைந்த இருசாராருக்கும் மூளையின் ஒரே பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்ததை லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 1992இலேயே படமெடுத்துக் காட்டியிருந்தனர்.

பிற்காலத்தில் அவருடைய குழுவினர் மனச்சிதைவு நோயை நேரடியாகவே ஆராய்ந்தனர். அந்நோயாளிகளின் மூளையில் காணப்படும், டோபமைன் என்ற நரம்புக்கடத்தியின் மிகை இயக்கத்தை ஒத்தவாறு, டி2 என்ற டோபமைன் ஏற்பி மிகுந்திருக்கும்படி சுண்டெலிகளின் மரபணுவை மாற்றியமைத்தனர். அவற்றின் செயல்நினைவு, அதாவது ஒரு செய்தியைச் சற்றுநேரம் மனத்தில் இருத்திப் பயன்படுத்தும் ஆற்றல், குன்றியது. வளர்ந்தபின் அந்த மிகை ஏற்பியின் உற்பத்தியை நிறுத்தியும் குறைபாடு நீங்கவில்லை. இன்று வழங்கப்படும் மருந்துகளுள் பெரும்பாலானவை டி2 ஏற்பியைத் தடுத்து மாயக்குரல்களையும் பிரமைகளையும் தணித்தாலும் சிந்தனைக் குறைபாட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதற்கு, மூளை வளரும் பருவத்திலேயே பாதிப்பு பதிந்துவிடுவது ஒரு காரணமாகலாம் என்பதை 2006இல் வெளிவந்த அந்த ஆய்வு சுட்டியது.