விடை கிடைக்காத தேடல்கள்

உறையூரைத் தேடுகிற எல்லோரும் ‘உறையூர்’ என்றே தட்டச்சு செய்வதில்லை. சங்க இலக்கியம் படித்தவர் உறந்தை என்பார்; இன்னொருவர் கோழியூர் என்பார். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வு பற்றிய நூல் ஒரு மின்னூலகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறு பெயரில் தேடியவர், ‘முடிவுகள் இல்லை’ என்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் வந்துபோனதற்குத் தேடல் பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே மிஞ்சும்: பயனர் எண், தேடிய சொல், நேரம், கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கை.

இப்படிச் சேரும் லட்சக்கணக்கான வரிகளிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்க்யூஎல். எட்கர் காட் 1970இல் முன்வைத்த தரவுத்தளக் கோட்பாட்டைக் கொண்டு, ஐபிஎம்மின் டொனால்டு சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எப்படித் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும்.

விடை கிடைக்காத தேடல்களைப் பட்டியலிட நமக்கு வேண்டிய வினவல் சின்னதுதான். ‘ஃப்ரம்’ என்றால் எந்த அட்டவணை. ‘வேர்’ என்ற நிபந்தனையில் முடிவுகள் பூஜ்யம். ‘குரூப் பை’ தேடிய சொல். ‘ஆர்டர் பை’ எண்ணிக்கை, பெரியதிலிருந்து சிறியதாக. எண்ணும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒரே ஆள் நாற்பது முறை தேடினால் வெறும் ‘கவுண்ட்’ நாற்பது என்றே காட்டும். ‘கவுண்ட் டிஸ்டிங்க்ட்’ போட்டுப் பயனர் எண்ணை எண்ணினால்தான் எத்தனை பேர் என்பது தெரியும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோழியூரின் ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தரவுத்தளமோ பெரும்பாலும் இரண்டு சொற்களாகப் பிரித்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் ‘நார்மலைஸ்’ செயற்கூறு இதைச் சரிசெய்கிறது.

எஸ்க்யூஎல்லில் எனக்கு மிகவும் பிடித்தது ‘லீட்’ என்ற செயற்கூறு. அதே பயனர் அடுத்து என்ன தேடினார் என்று அது சொல்லும். ‘உறந்தை’க்கு ஒன்றும் கிடைக்காமல், இரண்டு நிமிடத்தில் ‘உறையூர்’ என்று தேடி விடை பெற்றவர், இரண்டும் ஒரே ஊர் என்று நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

ஆனால் இந்தப் பதிவேடு ஆட்களையும் காட்டிக்கொடுக்கும். 2006இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் இட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒரு பெண்மணியைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தமிழ் நூலகத் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயனர் எண்களைத் தேவைக்கு மேல் சேர்த்துவைக்காதீர்கள், பூஜ்ய முடிவுத் தேடல்களை மட்டும் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.