நீமோ வீட்டுக்கு ஒரு கொல்லைப்புறம்! சின்னக் கடல் தொட்டிக்கு எந்த ரெஃப்யூஜியம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாறை, அசைந்தாடும் மென்பவளங்கள், குழந்தைகள் 'நீமோ' என்று கூப்பிடும் இரண்டு கோமாளி மீன்கள். முதல் இரண்டு மாதம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

மூன்றாவது மாதம் பாறையில் பச்சை ரோமம் போலப் பாசி முளைக்கும். கண்ணாடியைத் துடைத்தால் மறுநாளே மறுபடி படியும். பவளங்கள் சுருங்கிக்கொள்ளும். அனுபவசாலிகளிடம் யோசனை கேட்டால், 'ஒரு ரெஃப்யூஜியம் வெச்சிடுங்க' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். வாங்கப் போனால்தான் தெரியும், அதில் நான்கைந்து வகை இருப்பது. எது நம் தொட்டிக்குச் சரி?

அழுக்கு எங்கே போகிறது?

மீனின் கழிவும், மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். சின்னத் தொட்டியில் பெரும்பாலும் அத்தோடு வேலை நின்றுவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டுமே பாசிக்கு உரம். இரண்டடித் தொட்டி கொள்ளும் தண்ணீர் 56 லிட்டர்தான். பாறையும் மணலும் போக மிச்சம் இன்னும் குறைவு. அதில் தினமும் ஒரு சிட்டிகை தீனி கூடிப்போனாலும் தண்ணீர் கெட்டுவிடும்.

பாசி எப்படியும் வளரத்தான் போகிறது, அது நாம் சொல்லும் இடத்தில் வளரட்டும் என்பதுதான் ரெஃப்யூஜியத்தின் சூட்சுமம். ரெஃப்யூஜியம் என்றால் புகலிடம். பெரிய தொட்டியோடு தண்ணீர்த் தொடர்புள்ள ஒரு தனி அறை. மீன் அங்கே போக முடியாது. அதில் நல்ல ரகக் கடற்பாசியை வளர்த்தால், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அதுவே தின்றுவிடும். வீட்டுக்குக் கொல்லைப்புறம் மாதிரி! அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி, பாசியைக் கொண்டே பவளத் தொட்டிகளின் தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டினார். இந்த முறை உலகெங்கும் பரவ அவருடைய ஆய்வுகளும் ஒரு காரணம்.

இங்கே பலர் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. பாசி உறிஞ்சிக்கொண்ட அழுக்கு இன்னும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. வாரத்துக்கோ, இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை பாசியில் ஒரு பங்கைப் பிய்த்து வெளியே எடுத்தால்தான் அழுக்கும் வெளியேறும். அதனால், கை எளிதாக உள்ளே போகிறதா என்பதுதான் ரெஃப்யூஜியம் வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் தகுதி. அடுத்தது, கரன்ட் போனால் என்ன ஆகும் என்பது.

எந்த வகை?

தொட்டிக்கு அடியில் வைப்பது (சம்ப்): ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டி. இடம் தாராளம். பாசிக்கும் நிறைய இடம் கிடைக்கும், மொத்தத் தண்ணீரின் அளவும் கூடும். ஆனால், பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். இரண்டடித் தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே கிட்டத்தட்ட 2 லிட்டர். மேலே ஏறும் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், 9 லிட்டருக்கு மேல் கீழே வரும். அவ்வளவையும் தாங்க சம்ப்பில் காலி இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர்! தொட்டியில் துளைபோட்டுக் குழாய் பொருத்த வேண்டும் என்பதால், புதிதாகத் தொட்டி செய்கிறவர்களுக்கே இது வசதி.

பின்னால் மாட்டுவது: தொட்டியின் விளிம்பில் தொங்கும் அக்ரிலிக் பெட்டி. சிறு பம்ப் தண்ணீரை ஏற்றும், அது தானாக வழிந்து தொட்டிக்குத் திரும்பும். துளை வேண்டாம், கை சுலபமாக எட்டும். இதில் ஆபத்து, கரன்ட் இருக்கும்போதுதான். அறுந்த பாசித் துண்டு வழிந்தோடும் வாயை அடைத்தால், பெட்டி நிரம்பித் தரையில் கொட்டும். வாயில் ஒரு சீப்புத் தடுப்பு வையுங்கள். பம்பை தொட்டியின் அடியில் வைக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கொட்டினாலும் சில லிட்டரோடு நின்றுவிடும்.

தொட்டிக்குள்ளேயே வைப்பது: துளைகள் உள்ள பெட்டியைக் காந்தத்தாலோ ரப்பர் பிடிப்பாலோ உள்சுவரில் ஒட்டுவது. வெளியே கொட்ட வாய்ப்பே இல்லை. ஆனால், மீனின் இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதன் விளக்கு வெளிச்சம் தொட்டிக்குள் பரவினால் பாறையிலும் பாசி வரும். அந்தப் பக்கத்தைக் கறுப்பு ஷீட்டால் மறைத்துவிடுங்கள்.

பின் அறை: சில தொட்டிகள் பின்பக்கம் தடுப்பு அறைகளோடே வரும். நடு அறையில் பாசியைப் போட்டு, வெளியிலிருந்து விளக்கை ஒட்டினால் முடிந்தது. கொட்டாது. ஆனால், அறை குறுகலாக இருக்கும். கை நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆக, அடிக்கடி கரன்ட் போகும் வீடு, வாடகை வீடு, வீட்டில் ஆளில்லாத பகல் நேரம் என்றால் உள்பெட்டி அல்லது பின் அறை. ஏற்கெனவே இருக்கும் தொட்டிக்கு இடமும் வேண்டும் என்றால் பின்னால் மாட்டுவது. புதிதாக, திட்டமிட்டுச் செய்தால் சம்ப். எதுவானாலும் தொட்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. இரண்டடித் தொட்டிக்கு 5, 6 லிட்டர். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் கையோடு வாங்கிவையுங்கள். நீண்ட மின்வெட்டில் மீனைக் காப்பாற்றுவது அதுதான்.

என்ன பாசி, என்ன விளக்கு?

புதியவர்களுக்கு ஏற்றது கீட்டோமார்ஃபா. பாத்திரம் தேய்க்கும் நார் போலச் சுருண்டு கிடக்கும். வேர் விடாது, உருண்டையாக எடுத்துப் பாதியைப் பிய்த்துப் போடலாம். கௌலெர்பா பார்க்க அழகு, வேகமாகவும் வளரும். ஆனால், சில சமயம் இனப்பெருக்கத்துக்காகத் தன் உயிர்ச்சத்து முழுவதையும் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளுத்துப்போகும். சேர்த்துவைத்த அழுக்கு ஒரே நாளில் தொட்டிக்குத் திரும்பும். சின்னத் தொட்டி அதைத் தாங்காது.

செடி வளர்க்கும் எல்.இ.டி விளக்கு போதும். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு, இரவில் இது எரியட்டும். இரவில் தொட்டி உயிர்கள் விடும் கரியமில வாயுவால் பி.ஹெச் இறங்கும். பாசி அந்த வாயுவை எடுத்துக்கொண்டால் இறக்கம் குறையும். ஒரு டைமர் போட்டுவிட்டால் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. கூடுதல் பெட்டி வந்தால் தண்ணீர் ஆவியாவதும் கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. அதனால், குறைந்த அளவை நல்ல ஆர்.ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள், உப்புநீரால் அல்ல.

இதை எதிர்பார்க்காதீர்கள்

ரெஃப்யூஜியம் வைத்தால் தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்பது தவறு. வாரத்துக்கு 10 சதவிகிதம் மாற்றுவது தொடரட்டும். புதுத் தொட்டியில் முதல் நாளே பாசியைப் போட்டால், தின்ன எதுவும் இல்லாமல் அது கரைந்துபோகும். நைட்ரேட் தென்பட ஆரம்பித்த பிறகு போடுங்கள். வண்ணமயமான மாண்டரின் மீனுக்கும் ஆசைப்பட வேண்டாம். நாள் முழுக்க கோபிபாட் என்னும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும் மீன் அது. 5 லிட்டர் பெட்டியில் விளைவது அதற்குப் பற்றாது. மெதுவாகப் பட்டினியில் சாகும்.

கடலுக்கும் ஒரு கடமை

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனபோது எடுத்தது என்று பவளக் கல்லைத் தொட்டியில் போடாதீர்கள். பாறைத்திட்டு அமைக்கும் பவளங்கள் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கடைகளில் கிடைக்கும் செயற்கைப் பாறையிலும் பாக்டீரியா நன்றாகவே குடியேறும். மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பம் நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திடமே இருக்கிறது.

பிய்த்தெடுத்த பாசியைச் சாக்கடையிலோ கடலிலோ போடவே கூடாது. 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில், தொட்டிகளில் வளர்க்கப்படும் ஒரு கௌலெர்பா ரகம் சிறு திட்டாகத் தென்பட்டது. பிறகு அது மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்குப் பரவி, அங்கிருந்த கடற்புல்லை மூடியது. நல்ல வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இரண்டு மாதம் பொறுத்திருங்கள். ஓர் இரவு டைமரை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாசி நாருக்குள் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் ஓடும். கோபிபாட்கள்! நீங்கள் கடையில் வாங்காதவை, தானாகப் பெருகியவை. அவை தென்பட்டால் கொல்லைப்புறம் வேலை செய்கிறது என்று அர்த்தம். குழந்தைகளையும் எழுப்பிக் காட்டுங்கள்.