வெறும் வயிறும் இதய மாத்திரையும்

பனமலையிலிருந்து குடலிறக்க அறுவைக்குப் புறப்பட்ட முதியவர் ஒருவர், "வெறும் வயிறாக வரச் சொன்னார்கள், சாமி; காலை மாத்திரையும் போடவில்லை" என்று நம்மிடம் கூறினார். அது அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மெட்டோபுரோலால்.

மயக்கமூட்டி மூச்சுக்குழலில் குழாய் செலுத்துங்கால் அட்ரினலின் பெருகி நாடி விரையும். இரத்த அழுத்தம் ஏறும். பீட்டா தடுப்பு மருந்து அதற்குக் கடிவாளம். திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த இதயம் முன்னிலும் மிகையாகத் துடிக்கக்கூடும்.

ஆயினும் கடிவாளத்தாலும் இடருண்டு. குருதி மிகுதியாக வெளியேறினால் இதயம் விரைந்து ஈடுசெய்ய இயலாது, அழுத்தம் சரியும். இந்தியா உள்ளிட்ட 23 நாடுகளில் 8,351 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான 'பாய்ஸ்' ஆய்வில், அறுவைக்குச் சில மணி நேரம் முன்னர் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கியோரிடம் மாரடைப்பு குறைந்தது; பக்கவாதமும் மரணமுமோ கூடின.

மாத்திரை அட்டையோடு முதியவரை மயக்க மருத்துவரிடம் அனுப்பினோம். நாடியும் அழுத்தமும் பார்த்தபின், ஒரு மிடறு நீரோடு விழுங்கச் சொன்னாராம்.