வீடாக மாறிய பழைய பேருந்தை இரவில் பிடித்து வைத்திருப்பது எது?

பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். காற்றை உள்ளே செலுத்திப் பிரேக் பிடிக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. பின்சக்கரப் பிரேக்கில் உள்ள முரட்டு ஸ்பிரிங்கை அதுவரை காற்றுதான் அமுக்கி வைத்திருந்தது. காற்று வெளியேறியதும் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. நாம் கேட்பது அந்தக் காற்று போகும் சத்தம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய நெடுந்தூரப் பேருந்துகளை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்படியும் குளியலறையும் வைத்து நடமாடும் வீடாக்குகிறவர்கள் உண்டு. 1953இலிருந்து 1960 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பிடி-4104, 1970களில் எம்.சி.ஐ. நிறுவனம் செய்த 40 அடி நீள எம்.சி.-8 போன்றவை இவர்களுக்குப் பிரியமான வண்டிகள். பெயின்டும் மெத்தையும் சோலார் தகடும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். பதினைந்து டன் இரும்பு இரவெல்லாம் நகராமல் நிற்பது எதனால் என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். உள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள்.

பார்க்கிங் பிரேக்கில் மூன்று ரகம் உண்டு. மிகப் பழைய வண்டிகளில் கையால் இழுக்கும் லீவர் இருக்கும். இழுத்தால் கம்பிகளும் இணைப்புகளும் பிரேக்கைப் பிடிக்கும். காற்றோடு இதற்குச் சம்பந்தமில்லை. இணைப்புகள் தேய்ந்திருந்தால் லீவர் என்னவோ முழுதாக வரும், பிடி மட்டும் இருக்காது.

அடுத்தது எம்.சி.ஐ. பேருந்துகளில் பரவலாக வந்த டிடி-3. அருமையான பொறி, ஆனால் பழகாதவர்களைக் குழப்பிவிடும். பார்க்கிங் குமிழை இழுத்ததும் காற்று ஒரு தண்டைத் தள்ளிப் பிரேக்கைப் பிடிக்கிறது. தண்டைச் சுற்றியுள்ள உருளைகள் அதை அதே இடத்தில் இறுக்கிப் பூட்டுகின்றன. அதன்பின் காற்று முழுதும் போனாலும் பூட்டு விடாது. விடுவிக்கத்தான் பழக்கம் வேண்டும். குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பிரேக் பெடலை ஒருமுறை நன்றாக அழுத்த வேண்டும். அப்போது தண்டு கொஞ்சம் முன்னே நகர்ந்து, உருளைகள் மேலுள்ள பாரம் இறங்கி, பூட்டு கழலும். பெடலை அழுத்தாமல் வண்டியை எடுத்தால் பின்பிரேக் உரசிக்கொண்டே வரும். சில மைலிலேயே டிரம் சூடேறி, லைனிங் கருகும் வாடை அடிக்கும்.

மூன்றாவது, முதலில் சொன்ன ஸ்பிரிங் பிரேக். இதில் பழக்கம் தலைகீழ். பார்க்கிங் பிரேக் பிடித்திருக்கும்போது பெடலை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்பிரிங்கின் பலமும் காற்றின் பலமும் ஒன்றாகச் சேர்ந்து, தண்டின் தள்ளலைப் பிரேக்குக்குக் கடத்தும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டரையும் மற்ற பாகங்களையும் வளைத்துவிடலாம். இதைத் தடுக்கும் வால்வு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்காது. ஆகவே, வாங்கும் வண்டியில் எந்த ரகம் என்று தெரியாமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள். டயருக்குக் கட்டை வைத்துவிட்டு, அடியில் நுழையாமல், பின்அச்சுப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றால் தண்டைத் தள்ளும் டப்பாவான பிரேக் சேம்பருக்கு மூன்று காற்றுக் குழாய் போனால் டிடி-3. இரண்டு போய், சேம்பரும் இரட்டை டப்பாவாக நீண்டிருந்தால் ஸ்பிரிங்.

டிடி-3ஐத் தூக்கிவிட்டு ஸ்பிரிங் போடலாமா என்று பலர் கேட்பார்கள். ஸ்பிரிங் சேம்பருக்கு உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும். காற்றே இல்லாமல் வழியில் நின்றுபோனால், போல்ட் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கி வண்டியை இழுத்துப் போகலாம். டிடி-3ஐ விடுவிக்கக் காற்று வேண்டும். ஆனால் சேம்பரை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. குமிழ் வால்வு, குழாய்ப் பாதை, சேம்பர் உட்காரும் இடம், தண்டின் நீளம் எல்லாம் மாறும். பாதி மாற்றிய பிரேக் மிகவும் ஆபத்தானது. என்னைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள டிடி-3ஐ, சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை மாற்றிப் பராமரிப்பதே மேல். மாற்றியே தீர வேண்டுமென்றால், ஏர் பிரேக் வேலை தெரிந்த பட்டறையில் முழுதாக மாற்றுங்கள்.

1975இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 121ஆம் எண் பாதுகாப்பு விதி, 20 சதவீதச் சரிவில், அதாவது 100 அடிக்கு 20 அடி ஏறும் பாதையில், பார்க்கிங் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்கு முன் செய்த வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் வண்டிக்கு அளவுகோலாக அதை வைத்துக்கொள்வதில் தவறும் இல்லை. சமதரையில் ஓர் எளிய சோதனை: பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து, முதல் கியரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வண்டி நகரக் கூடாது.

எந்த ரகமானாலும் பிடியின் உயிர் ஸ்லாக் அட்ஜஸ்டரில் இருக்கிறது. 30 என்று எண்ணிட்ட சேம்பரில் டயாஃப்ரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம், 100 பி.எஸ்.ஐ. காற்றுக்கு 3,000 பவுண்டு விசை. லைனிங் தேயத் தேயத் தண்டு அதிக தூரம் போக வேண்டியிருக்கும். தூரம் கூடினால் ஸ்பிரிங்கின் பலம் குறையும். கிளாம்ப் வைத்த சாதாரண 30 சேம்பரில் தண்டு 2 அங்குலத்தைத் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டும். டிடி-3க்கு உரிய அளவு வேறு, கையேட்டைப் பாருங்கள். கையால் திருகும் பழைய அட்ஜஸ்டரில், டயருக்குக் கட்டை வைத்து, சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, காற்றை நிரப்பிப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பூட்டு வளையத்தை ஸ்பானரால் அமுக்கியபடி லைனிங் டிரம்மைத் தொடும்வரை திருக வேண்டும். தொட்டதும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று பின்னால் விட வேண்டும்.

ஸ்பிரிங் சேம்பரின் பின்புறத்தில் சிறு துளையும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். மூடி தொலைந்தால் மழைநீர் புகுந்து, ஸ்பிரிங் துருவேறி உள்ளேயே உடையும். அந்தச் சேம்பரின் பின்கிளாம்பை மட்டும் நீங்களே கழற்றிவிடாதீர்கள். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் சீறி வெளியே வந்து ஆளையே கொன்றுவிடும்.

காற்று டேங்கில் சேரும் தண்ணீரை ஓட்டிய அன்றே திறந்து விடுங்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டிரம் துருப்பிடித்து லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும்; மாதம் ஒருமுறையாவது காற்று ஏற்றி, பிரேக்கை விடுவித்து, சில அடி நகர்த்துங்கள்.

இந்தப் பேருந்துகளில் பல, காற்றுப் பைகள் மேல்தான் நிற்கின்றன. காற்று கசிந்தால் வண்டியின் உடலும் கீழே இறங்கும். எனவே டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.